ஏழாவது கேள்வி

பத்தொன்பது வயதில் எனக்குக் கிடைத்த முதல் பெரிய பொறுப்பு, படம் பார்த்தவர்களிடம் போய்க் கேள்வி கேட்பது. மலாக்கா பட்டணத்தில் ஓர் அலுவலகத்தின் பின்கட்டில் இளையவர்களுக்கு ஓராண்டுப் படப் பயிற்சி நடத்தினார்கள். அந்த வகுப்பில் பெண் நான் ஒருத்திதான். தமிழ் தெரிந்தவளும் நான் ஒருத்திதான். ஆண்டு முடிவதற்குள் ஒவ்வொரு குழுவும் இருபது நிமிட ஆவணப்படம் ஒன்று எடுத்துக் கொடுக்க வேண்டும். எங்கள் குழுவில் மூன்று பேர். இயக்கம் ஒரு மலாய் இளைஞர், கேமரா ஒரு சீன இளைஞர். தமிழில் விளக்கம் எழுதுவதும், படத்தை மூன்று இடங்களில் போட்டுக் காட்டிய பிறகு பார்த்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று கேட்டு எழுதி வருவதும் என் வேலை. அவர்கள் சொன்னதை வைத்துப் படத்தைத் திருத்தி வெட்டி, அதற்குப் பிறகுதான் மேலே அனுப்புவார்கள்.

படத்தின் பொருள், கம்பி வேலியை அகற்றிய தோட்டம். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட் போராளிகளை அடக்கப் போட்ட அவசரகாலம் நாட்டில் இன்னும் முடியவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியிருந்தார்கள். ஊரடங்கு போயிருந்தது. காலையில் கேட்டில் நிறுத்திச் சோதனை போடுவதும் நின்றிருந்தது. வேலிக்குள் மக்கள் எப்படி இருந்தார்கள், இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று காட்ட வேண்டும். எந்தத் தோட்டத்தில் எடுக்கலாம் என்று பேச்சு வந்தபோது, நியாலாஸ் பக்கத்தில் ஒரு தோட்டத்தைச் சொன்னது நான்தான்.

"அங்கே ஏன்?" என்று இயக்குநர் கேட்டார்.

"ரோடு நல்லா இருக்கும். வேன் உள்ளே வரைக்கும் போகும்" என்றேன்.

ரோடு நல்ல ரோடுதான். நான் அந்தத் தோட்டத்தில் பிறந்தவள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

என் அப்பா ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர். திரும்பி வரவில்லை. அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டி என்னை வளர்த்தாள். அவசரகாலம் வந்ததும் தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள். காட்டுக்குள் இருந்தவர்களுக்குச் சாப்பாடு போய்ச் சேரக் கூடாது என்று, வெட்டுக்குப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். விடியும் முன்பே கேட்டில் வரிசை நிற்கும். ஆண்களைப் போலீஸ்காரர் தடவிப் பார்ப்பார். பெண்களைச் சோதிக்க ஒரு பெண்ணை வைத்திருந்தார்கள். அதற்கென்று இரண்டு கம்பம் நட்டு ஒரு சாக்குத் திரை கட்டியிருந்தது.

அந்தத் திரையை விலக்கிப் பிடித்துக்கொண்டு, சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்க ஒருவர் நிற்பார். அவர் அந்தத் தோட்டத்துச் சின்னக் கிராணி, ஆபீஸில் கணக்கு எழுதுபவர். இந்த வயதிலும் அவரை 'அவன்' என்று எழுதத்தான் எனக்குக் கை வருகிறது. அப்படியே எழுதுகிறேன்.

ஒரு நாள் காலை, இளவயதுப் பெண் ஒருத்தி திரைக்குள் நின்று அழுதுகொண்டிருந்தாள். அடுத்து நின்றது அம்மா. அம்மா அவன் கையிலிருந்த சாக்கைப் பிடுங்கிக் கீழே போட்டாள். "ஒம் பொண்டாட்டிய கொண்டாந்து இப்படி நிக்க வைடா, நான் பிடிக்கிறேன் சாக்க" என்று கத்தினாள். வரிசை முழுக்கக் கேட்டது. போலீஸ்காரர் சிரித்துவிட்டார். கிராணி ஆபீஸ் பக்கம் நடந்து போனான்.

நான்காம் நாள் அம்மாவின் பால் வாளியில் ஒரு துணி முடிச்சு இருந்தது. முடிச்சுக்குள் அரிசி. அம்மாவை லாரியில் ஏற்றினார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு கேட்டுக்கு வந்தேன். அம்மா லாரியிலிருந்து என்னைப் பார்த்து, "அடுப்புல கெழங்கு இருக்கு, போய் அணைச்சிடு" என்றாள். வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. ஓராண்டுக்கு மேல் முகாமில் வைத்திருந்தார்கள். பட்டணத்திலிருந்து சின்னம்மா வந்து என்னைக் கூட்டிப்போனார். வெளியே வந்த அம்மாவுக்குத் தலையில் முக்கால்வாசி நரைத்திருந்தது. தோட்டத்தில் திரும்பச் சேர்க்கவில்லை. பட்டணத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் வேலைக்குப் போனாள்.

அரிசியை அம்மா வைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த வாரம் எங்கள் வீட்டில் அரிசியே இல்லை. மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டோம்.

ஏழு ஆண்டு கழித்து, சேலை கட்டி, மூக்குக் கண்ணாடி போட்டு, கையில் நோட்டுப் புத்தகத்தோடு வேனிலிருந்து இறங்கினேன். அவன்தான் எங்களை வரவேற்றான். இப்போது அவன் பெரிய கிராணி. வெள்ளைக் கால்சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. "வாங்கம்மா, டீச்சரா? எந்த ஊரு?" என்று கேட்டான். "மலாக்கா டவுன்" என்றேன். அவன் முகத்தில் ஒரு சந்தேகமும் வரவில்லை. லயத்துப் பெண்களுக்கு மட்டும் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. ஒருத்தி வாயைத் திறக்கப் போனாள், பக்கத்தில் இருந்தவள் அவள் கையை அழுத்தினாள்.

வேலி இல்லாததால் பழைய காட்சியை நடித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. கேட்டுக் கம்பங்கள் மட்டும் இன்னும் இருந்தன. இயக்குநர் பெண்களை வரிசையில் நிற்கச் சொன்னார். சாக்குத் திரை கட்டச் சொன்னார். முன்பு சோதனை போட்டவளையே நடிக்கக் கூப்பிட்டார்கள். அவள் இப்போது புல் வெட்டும் வேலையில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கை அப்படியே நின்றுவிட்டது. கிராணியை அவன் பழைய இடத்திலேயே நிற்கச் சொன்னார் இயக்குநர்.

அவன் நின்றான். கேமரா ஓடத் தொடங்கியதும், திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாலடி தள்ளிப் போய், ரோட்டுப் பக்கம் பார்த்து நின்றான். ஒரு குழந்தையின் தலையைத் தடவினான். "போங்கம்மா, பார்த்துப் போங்க" என்றான். வரிசையில் நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அந்த இடத்திலேயே நான் இயக்குநரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் படத்தில் நன்றாக விழட்டும் என்று விட்டேன். அப்போது என் மனதில் தெளிவான திட்டம் எதுவும் இல்லை. அவனை எங்கேயாவது பிடித்து வைக்க வேண்டும் என்ற ஆத்திரம் மட்டும்தான் இருந்தது.

முதல் முறை வெட்டிச் சேர்த்த படத்தைப் பட்டணத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் காட்டினோம். ஒலி இல்லாத படம். நான் திரைக்குப் பக்கத்தில் நின்று விளக்கத்தை வாசித்தேன். முடிந்ததும் கேள்வித்தாள் கொடுத்தோம். மொத்தம் ஆறு கேள்விகள். எந்தக் காட்சி மனதில் நின்றது, எந்த இடம் புரியவில்லை, படத்தில் வந்தவர்களில் யார் உங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்தால் பிடிக்கும் என்று இந்த மாதிரி. படம் பிடித்ததா என்று மட்டும் கேட்கவே கூடாது என்று எங்களுக்குப் பாடம் எடுத்த வெள்ளைக்காரர் சொல்லியிருந்தார். கேட்டால் எல்லாரும் மரியாதைக்குப் பிடித்தது என்பார்கள். ஆட்களைப் பற்றிக் கேட்டால்தான் உள்ளதைச் சொல்வார்கள்.

அன்று மத்தியானம் சின்னம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தாள்களைப் பிரித்தேன். பக்கத்து வீட்டுக்கு யார் வேண்டும் என்ற கேள்விக்குத் தாளுக்குத் தாள் அவன்தான். 'கேட்டில் நிற்கும் கிராணி ஐயா.' 'அந்த நல்ல மனிதர்.' ஒரு பெண் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள்: 'பெண்களைச் சோதிக்கும்போது திரும்பி நிற்கிறாரே, அவரைப் போல எல்லா ஆண்களும் இருக்க வேண்டும்.'

அந்தத் தாளை நான் எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. அம்மா வேலை முடிந்து வந்து, "என்னா, சாப்புடலியா?" என்றாள். தாளை மடித்து வைத்தேன். அவனை நல்லவனாக்கியது என் குழு. அவன் முதுகைக் காட்டியபோது 'கண்ணியத்தோடு நடந்த சோதனை' என்று விளக்கம் எழுதி வாசித்தது என் வாய். இயக்குநர் கேட்டாரென்று எழுதிக் கொடுத்த வரி அது. கேள்வித்தாள் அச்சடிக்கும் ஸ்டென்சிலில் அடுத்த நாள் ஏழாவது கேள்வி ஒன்றைச் சேர்த்தேன். 'கேட்டில் நின்ற கிராணி அந்தக் காலத்தில் படத்தில் இருப்பது போலத்தான் இருந்தாரா?'

"எதற்கு இது?" என்று வெள்ளைக்காரர் கேட்டார்.

"நடித்து எடுத்த காட்சி உண்மையாக இருக்கிறதா என்று தெரிய வேண்டும், சார். தோட்டத்தில் மட்டும் கேட்கிறேன்."

"ரொம்ப நல்ல கேள்வி" என்றார்.

இரண்டாவதாக உம்பாயில் மீன்பிடிக்கிறவர்களுக்குக் காட்டினோம். அங்கே மலாயில் கேட்டு எழுதியது இயக்குநர். அவர்களுக்குக் கிராணியைவிட, தோட்டத்தில் ஏன் ஒரு தென்னை மரம்கூட இல்லை என்பதில்தான் அக்கறை.

மூன்றாவதாகத் தோட்டம். பொழுது சாய்ந்ததும் தோட்டத்துப் பள்ளிக்கூடக் கொட்டகையில் வெள்ளை வேட்டி கட்டிப் படம் போட்டோம். தோட்டத்தை நடத்தும் துரையும் கிராணியும் முன்வரிசை நாற்காலியில். மற்றவர்கள் தரையில். தங்கள் முகத்தைத் திரையில் பார்த்து மக்கள் கத்திச் சிரித்தார்கள். கேட்டுக் காட்சி வந்ததும் சத்தம் நின்றுபோனது. மெஷின் ஓடுவது மட்டும் கேட்டது. அவன் திரையில் குழந்தையின் தலையைத் தடவினான். நாற்காலியில் இருந்தவன் கால்மேல் கால் போட்டுக்கொண்டான்.

மறுநாள் காலை, ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில் கேட்டபோது எல்லாருக்கும் ஒரே பதில். "நல்லா இருந்துச்சி." "ஏழாவது கேள்விக்கு?" "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சி." ஆபீஸ் ஜன்னல் அந்தக் களத்தைப் பார்த்தபடி இருக்கிறது என்பதை நான் மறந்துவிட்டேன். வெட்டு முடிந்து, பால் நிறுத்து, பெண்கள் குழாயடிக்கு வரும் நேரம் பார்த்து அங்கே போய் உட்கார்ந்தேன். ஒருவர் ஒருவராகக் கேட்டேன். பெயர் எழுதமாட்டேன் என்று நோட்டைக் காட்டினேன்.

வயதில் மூத்தவர் ஒருவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு என் மோவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"நீ அவ மவதானே?"

"ஆமா பெரியம்மா."

"அவ இருக்காளா?"

"இருக்காங்க. டவுன்ல."

"அப்ப எழுதிக்க. அன்னிக்கு ஒரு நாளும் அவன் திரும்பி நிக்கல. படத்துல மட்டுந்தான் முதுக காட்டுறான்."

அதற்குப் பிறகு என் பென்சில் நிற்கவில்லை. வாயிலிருந்து வந்தபடியே எழுத வேண்டும் என்பது முறை. அப்படியே எழுதினேன். 'எனக்கு அப்ப கல்யாணம் ஆயி மூணு மாசம். வேணும்னே என்னிய ரெண்டு தடவ நிக்க வைப்பான்.' 'நல்லா நடிச்சான்லா, அவனுக்கு ஒரு கப்பு குடுங்க.' 'அவள லாரியில ஏத்துனதுக்கு அப்புறம் எவளும் வாயத் தொறக்கல. தொறந்தா வாளியில அரிசி வந்துரும்.' ஒரு பெண் பேசவே இல்லை. குழாயைத் திறந்து, வாளி வழிந்து ஓடும் வரை பார்த்துக்கொண்டே நின்றாள். அதையும் எழுதினேன்.

மூன்று மத்தியானம் இப்படிப் போனது. மூன்றாம் நாள், பஸ்ஸுக்காக மெயின் ரோட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். சோதனை போட்டவள் பின்னாலேயே வந்தாள். ஆளில்லாத இடமாகப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"பாப்பா. எங்கிட்ட மட்டும் நீ கேக்கலியே."

"சொல்லுங்கக்கா."

"ஒங்கம்மா வாளியில வச்சது நான்தான்."

நான் நின்றுவிட்டேன்.

"அவன்தான் முடிச்ச குடுத்தான். எம் புருசன் அப்ப ஆஸ்பத்திரியில. ரெண்டு புள்ளைங்க. வைக்கலன்னா ஒன் வாளியில இருக்கும்னு சொன்னான். சாக்குக்குப் பின்னால அவ கைய தூக்கி நிக்கிறா, நான் குனிஞ்சி வாளியில போட்டேன். அவ என்னியப் பார்த்து, 'சீக்கிரம் பாருக்கா, வெட்டுக்கு நேரமாச்சி'ன்னா." அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு, "இத எழுதாத, பாப்பா. ஒனக்குத் தெரியணும்னுதான் சொன்னேன். எழுதுனா நான் போயிருவேன்" என்றாள்.

"எழுதமாட்டேன்க்கா" என்றேன்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நோட்டைத் திறந்து ஒரு சொல் விடாமல் எழுதினேன். ஏழு ஆண்டாக எனக்குத் தெரியும் என்று நான் நினைத்திருந்தது வெறும் ஊகம். இப்போது ஒரு வாய் அதைச் சொல்லிவிட்டது. அந்த வாயைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அவள் குனிந்து போட்டாள் என்பதுதான் கண்முன் நின்றது. அவளும் போகட்டும் என்று இருந்தது. இதை அழகாக்கிச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

முடிவுகளை வாசிக்கும் கூட்டம் பட்டணத்தில், எங்கள் வகுப்பறையில், மத்தியானம் மூன்று மணிக்கு. வெள்ளைக்காரர், என் குழுவின் இருவர், மற்ற மாணவர்கள். தோட்டத்துத் துரையையும் கிராணியையும் விருந்தாளிகளாகக் கூப்பிடலாம் என்று யோசனை சொன்னது நான். தங்கள் ஆட்கள் படத்தை எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்று அவர்களும் கேட்கட்டுமே என்றேன். கிராணி புது டை கட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தான்.

ஒரு பக்கத்தில் சுருக்கமாகத் தரச் சொல்லியிருந்தார்கள். நான் கொண்டுபோனது பதினாலு பக்கம். பட்டணத்துப் பிள்ளைகள் அவனைப் புகழ்ந்ததை முதலில் வாசித்தேன். அவன் தலையைக் குனிந்து, வேண்டாம் வேண்டாம் என்பது போலச் சிரித்தான். உம்பாயின் தென்னை மரத்துக்கு எல்லாரும் சிரித்தார்கள். பிறகு தோட்டத்தின் ஏழாவது கேள்விக்கு வந்தேன். ஒவ்வொரு பதிலையும் முதலில் தமிழில், பிறகு இங்கிலீஷில் வாசித்தேன். தமிழ் அவனுக்காக.

மூன்றாவது பதிலில் துரை சுருட்டைக் கீழே வைத்தார். கிராணி எழுந்தான்.

"யாரு சொன்னா இத?"

"பேர் வாங்கறதில்ல, சார். அதுதான் முறை."

"இது பொய். துரை, ஆளுங்க என்மேல கோவத்துல..."

"உக்காருங்க, சார். இன்னும் இருக்கு" என்றேன்.

கடைசிப் பக்கம்தான் சோதனை போட்டவள் சொன்னது. பெயர் வேண்டாம் என்ற முறையை அதிலும் கடைப்பிடித்தேன். 'படத்தில் சோதனை போடுபவராக நடித்த பெண் சொன்னது' என்று தலைப்புப் போட்டிருந்தேன். அந்தத் தோட்டத்தில் அப்படி இருந்தது ஒரே ஒரு பெண்தான். வாசித்து முடித்தேன். நான் நோட்டை மூடிவிட்டு அவனைப் பார்த்துத் தமிழில் சொன்னேன். "அந்த வாளிக்காரங்க மக நான். டவுனுதான் எனக்கு இப்ப ஊரு. நீங்க கேட்டீங்களே, எந்த ஊருன்னு."

அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரை நான் அந்தத் தோட்டத்துக்குப் போனதே அவளுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிச் சோப்பில் வெளிறிப்போன கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். அழவில்லை. என்னைப் பாராட்டவும் இல்லை.

"அவன் முகம் எப்படி இருந்துச்சி?"

"மொதல்ல சிரிச்சது அப்படியே ஒட்டிக்கிட்டு இருந்துச்சிம்மா. எறக்க மறந்துட்டான். அப்புறம் கைக்குட்டைய எடுத்தான். தொடைக்கல. சும்மா பிடிச்சிக்கிட்டே நின்னான்."

"ஒதடு?"

"காஞ்சி போயிருந்துச்சி."

"இன்னொரு தடவ சொல்லு. மொதல்லேந்து."

நான் மொதல்லேந்து சொன்னேன். அந்த வாரம் முழுக்க, சோறு பரிமாறும்போதும் துணி மடிக்கும்போதும், "அந்தக் கைக்குட்டைய எந்தக் கையில வச்சிருந்தான்?" என்று ஏதாவது ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தாள். என் அம்மா சந்தோஷமாக இருந்ததை நான் வளர்ந்த பிறகு பார்த்தது அந்த வாரம்தான்.

துரை நியாயம் பார்த்து ஒன்றும் செய்யவில்லை. பழைய கதை, அந்தக் காலத்தில் எல்லாம் நடந்ததுதான் என்று வெள்ளைக்காரரிடம் சொன்னாராம். ஆனால் வெளியார் முன்னால் தோட்டத்துக்கு அவமானம் வந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. மாதம் முடிவதற்குள் கிராணியை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். நான் வேண்டுமென்றே லீவு போட்டு, பஸ் பிடித்துப் போய், மெயின் ரோட்டில் நின்று அவன் சாமான் ஏற்றிய லாரி போவதைப் பார்த்தேன். மேலே ஒரு கண்ணாடி அலமாரி ஆடிக்கொண்டே போனது. விழ வேண்டும் என்று மனதார வேண்டினேன். விழவில்லை.

அதே வாரம் சோதனை போட்டவளையும் லயத்திலிருந்து வெளியேற்றினார்கள். பிள்ளைகளோடு சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு காய்கறித் தோட்டத்தில் வேலைக்குப் போய்விட்டாள் என்று குழாயடிப் பெரியம்மா சொல்லியனுப்பினார். நான் போய்ப் பார்க்கவில்லை. சிம்பாங் அம்பாட்டுக்கு நாள்தோறும் பஸ் இருந்தது.

எங்கள் படம் வெளிவரவே இல்லை. கேட்டுக் காட்சியை வைத்துக்கொண்டு காட்ட முடியாது, அதை எடுத்துவிட்டால் படமே இல்லை என்று மேலே முடிவு பண்ணிவிட்டார்கள். பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். இயக்குநர் என்னிடம் ஒரே ஒரு முறைதான் அதைப் பற்றிப் பேசினார்.

"முதல் நாளே உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே எங்களை அங்கே கூட்டிப்போனாய்."

"ஆமாம்."

"சொல்லியிருந்தால் நாங்களே அதை உண்மையாக எடுத்திருப்போம்."

அவர் சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் உண்மையாக எடுத்திருந்தால் அது அவருடைய படமாக இருந்திருக்கும். எனக்கு வேண்டியது படம் அல்ல. கேமராக்காரர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பயிற்சி முடிந்த அன்று மற்ற எல்லாருக்கும் கை கொடுத்துவிட்டு என்னைத் தாண்டிப் போனார்.

அடுத்த ஆண்டு நான் ஒரு பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். ஒரு நாள் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து மூச்சு வாங்க வந்தாள்.

"அவன் இங்கதான் இருக்கான். கோர்ட்டுப் பக்கத்துக் கடவரிசையில டைப்ரைட்டர் வச்சிக்கிட்டு உக்காந்திருக்கான். ஆளுங்களுக்குப் பெட்டிஷன் அடிச்சிக் குடுக்குறான்."

"விடுங்கம்மா" என்றேன். ஆச்சரியம், அப்படிச் சொன்னது நான்தான்.

அம்மா விடவில்லை. மறுவாரம், என்னிடம் சொல்லாமல், நல்ல சேலை கட்டிக்கொண்டு போய் அவன் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். தனக்கு நடந்ததை எழுதி அடித்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறாள். யாருக்கு எழுதுவது என்று அவன் கேட்டதற்கு, "மொதல்ல எழுது, யாருக்குன்னு அப்புறம் சொல்றேன்" என்றாளாம். சுற்றிலும் ஆட்கள் காத்திருந்ததால் அவனால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. சாயங்காலம் அந்தத் தாளை என் கையில் கொடுத்து, படி என்றாள். இங்கிலீஷில் இருந்தது. இந்தத் தோட்டத்தில் வேலை செய்தேன், இன்ன நேரம் கேட்டுக்கு வந்தேன், என் வாளியில் அரிசி காணப்பட்டது என்று இருந்தது.

"யாரு வச்சான்னு போட்டிருக்கானா?"

"இல்லம்மா."

"யாரு வைக்கச் சொன்னான்னு?"

"இல்ல. காணப்பட்டதுன்னு இருக்கு."

தாளை வாங்கி மடித்தாள். மறுவாரம் திரும்பப் போனாள். இரண்டாவது தாளிலும் அதே வரி. மூன்றாம் முறை என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

அவன் மெலிந்திருந்தான். சட்டைக் காலர் நைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் டைப்ரைட்டரின் மேல் கையை வைத்து மூடப் பார்த்தான். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"இப்ப படிக்கத் தெரிஞ்ச ஆள கூட்டியாந்திருக்கேன். இந்தத் தடவ நீ சொல்றதா, ஒம் பேர்லயே ஒழுங்கா அடி."

பின்னால் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். ஒரு சீனக் கிழவர், மகனுக்கு லைசென்ஸ் வாங்க வந்த ஒரு மலாய்ப் பெண், எஸ்டேட்டிலிருந்து வந்த இரண்டு தமிழர்கள். அவன் தாளைச் செருகினான். நான் ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாளிக்கு வந்ததும் அவன் விரல் நின்றது. பிறகு அடித்தான். 'அரிசியைச் சோதனைக்காரியிடம் கொடுத்து வைக்கச் சொன்னது அந்தத் தோட்டத்தின் கிராணியாக இருந்த நான்தான்.'

"சத்தமாப் படி" என்றாள் அம்மா. நான் தமிழாக்கிச் சத்தமாகப் படித்தேன். எஸ்டேட் ஆட்கள் இருவரும் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

"கையெழுத்து" என்றாள்.

"கையெழுத்து போட்டா நான் உள்ள போயிருவேன்மா." முதல்முறையாக அவன் அவளை அம்மா என்றான்.

"நான் போனேனே."

அவன் பேனாவைத் தேடினான். சட்டைப் பையில் இருந்ததை மேசையில் தேடினான். நான் என் பேனாவைக் கொடுத்தேன். போட்டான். அம்மா அவனுக்குக் கூலியைக் கொடுத்தாள். கொடுக்காமல் போயிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வரும் வழியில், "நாளைக்கே போலீஸ் ஸ்டேஷன்ல குடுத்துடலாம்மா. நான் லீவு போடுறேன்" என்றேன்.

"எதுக்கு?"

"அதுக்குத்தானே வாங்கினீங்க?"

அம்மா ரோட்டைத் தாண்ட இரண்டு பக்கமும் பார்த்தாள். "குடுத்தா ஒரே நாள்ல முடிஞ்சிரும்லா" என்றாள்.

அந்தத் தாளை நாங்கள் எங்கேயும் கொடுக்கவில்லை. கோர்ட்டுப் பக்கம் போனால் பாசாருக்குச் சுற்று வழி. ஆனாலும் அவன் அந்த இடத்தை விட்டுப் போகும் வரை, ஐந்து மாதம், சனிக்கிழமைதோறும் அம்மா அந்த வழியாகத்தான் மீன் வாங்கப் போனாள். கூடைக்கு மேலே தாளை மடித்து வைத்திருப்பாள். அவன் முன்னால் வந்ததும் நடையைக் கொஞ்சம் குறைப்பாள்.